காடு தொடங்கும் இடம்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் ஆய்வுத் துறைகளும்

சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, கம்போங் குவாந்தானில், இருட்டியதும் பெரெம்பாங் மரங்கள் ஒளிர்ந்து அணையத் தொடங்கும். ‘டெரோப்டிக்ஸ் டெனர்’ என்னும் மின்மினி இனம் கிளை கிளையாகக் கூடி ஒரே தாளத்தில் மின்னுகிறது. அதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். படகில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது ஆற்றோர மரவரிசை மட்டும்தான். அதற்குப் பின்னால் நீப்பாவும் புதரும். அதற்கும் பின்னால், பல இடங்களில் கூப்பிடு தூரத்திலேயே, செம்பனை.

மின்மினியின் வாழ்வில் பெரெம்பாங் கடைசிக் கட்டம். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் ஈரத் தரைக்குரியவை. சருகுக்குள் ஊர்ந்து, சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று புழு வளர்கிறது. நத்தைக்கு ஈரம் வேண்டும். ஆற்றோரத் தாவரங்களுக்குக் கடல்நீரும் ஆற்றுநீரும் அளவாகக் கலந்துவர வேண்டும். ஆற்றில் எவ்வளவு நீர் இறங்கும் என்பதில் கோல குபு பாரு அருகே 2000-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கும் பங்கு உண்டு. பின்கரையை வெட்டிச் செம்பனை நட்டால், ஆற்றோர மரம் அப்படியே நின்றாலும் மின்மினி குறையும். படகிலிருந்து நாம் காடு என்று பார்ப்பது தோட்டத்துக்கும் அணைக்கும் கடலுக்கும் நடுவே தப்பி நிற்கும் ஒரு குறுகிய பட்டை.

கடந்த நூறாண்டுகளுக்கு மேலாகக் கோல சிலாங்கூரிலும் அதன் வடக்கிலும் கிழக்கிலும் விரிந்த தோட்டங்களிலும் பயிரியல், மருத்துவம், மரபியல், சூழலியல், சட்டம் எனப் பல துறைகள் காட்டைப் பற்றிப் பேசியிருக்கின்றன. நாடு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் போட்டது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: இந்த வட்டாரத்தில் காட்டுத்தன்மை என்று துறைகள் கண்டதில் பெரும்பகுதி தோட்டம் வந்த பிறகு, தோட்டத்தின் ஓரத்தில் உருவானது. அந்த ஓரத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

மின்மினியையே முதலில் எடுத்துக்கொள்வோம். தென்கிழக்காசிய மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதை மேலைநாட்டு அறிவுலகம் நெடுங்காலம் நம்பவில்லை. 1917-ல் ‘சயன்ஸ்’ இதழில் பிலிப் லாரன்ட் என்பவர், பார்ப்பவரின் கண்ணிமைத் துடிப்பே அப்படித் தோன்றச் செய்கிறது என்று எழுதினார். சயாமில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஹியூ ஸ்மித் 1935-ல் அதே இதழில் தாம் கண்டதை விவரித்தார். 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்து மின்மினிகளைப் பிடித்துப் பாங்காக்கில் தாங்கள் தங்கிய இருட்டறையில் பறக்கவிட்டார்கள். சிறிது நேரத்தில் இரண்டு, மூன்று என்று அவை தாளம் சேர்ந்தன. ஆணையிடும் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பூச்சியும் பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்துத் தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது. ரெனேட்டோ மிரோல்லோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் 1990-ல் இதற்கு ஒரு கணித நிரூபணம் தந்தார்கள். மிக அழகான வேலை. ஆனால் அந்த நிரூபணத்துக்கு ஆறு தேவைப்படவில்லை, நத்தை தேவைப்படவில்லை, சேறும் தேவைப்படவில்லை. இடத்திலிருந்து உயிரைத் தூக்கி எடுத்துச் செல்வது அறிவியலின் ஒரு வழி. மலேசிய வன ஆய்வு நிறுவனம் 2006 முதல் இதே ஆற்றின் கரைகளை இரவில் படமெடுத்து, ஒளிப்புள்ளிகளை எண்ணி, மின்மினித் தொகையின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து வருகிறது. இது இடத்தோடு தங்கி இருக்கும் வழி. இரண்டும் வேண்டும். பின்கரையில் அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சொல்ல இரண்டாவது வழியால்தான் முடியும்.

கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்றிலும் இதே சிக்கலைப் பார்க்கலாம். அங்கே வெள்ளி லங்கூர்கள் சுற்றுலாப் பயணிகளின் தோளில் ஏறிப் பயற்றங்காய் வாங்கித் தின்கின்றன. 2008-ல் கிறிஸ்டியன் ரூஸும் சகாக்களும் மரபணு வேறுபாட்டை வைத்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரைக் குரங்குகளுக்குச் சிலாங்கூரின் பெயரையே சூட்டித் தனியாகப் பிரித்தார்கள். அதைத் தனி இனமாகக் கருதுவோரும் துணையினமாகக் கருதுவோரும் உண்டு. மரபியலுக்கு அது காத்துக்கொள்ள வேண்டிய காட்டு இனம். நடத்தை ஆய்வாளருக்கு அது மனிதக் கையை நம்பப் பழகிவிட்ட கூட்டம். குரங்கு ஒன்றுதான்.

இனித் தோட்டத்துக்குள் போகலாம். விஷயம் செறிவாக இருப்பது அங்கேதான்.

ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்கம் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது; 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சிறு குடும்பத்தின் வழித்தோன்றல்கள். அமேசான் காட்டில் இம்மரம் ஹெக்டருக்கு ஒன்றிரண்டாகச் சிதறி நிற்கும். காரணம், இலைக்கருகல் நோயைத் தரும் ஒரு பூஞ்சை. மரங்கள் நெருங்கி நின்றால் அது மரத்துக்கு மரம் தாவி எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடும். ஹென்றி ஃபோர்டு 1928-ல் பிரேசிலில் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டம் விழுந்ததற்கு இந்தப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். மலாயாவில் பால்மரம் நிரை நிரையாக நிற்க முடிந்தது, அது தன் காட்டு எதிரியைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்ததால். பத்தாங் பெர்ஜுந்தையிலும் ரவாங்கிலும் கலும்பாங்கிலும் விடியலுக்கு முன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரைக்குப் போன நம் முன்னோரின் உழைப்பு முழுவதும் ஒரு பூஞ்சை இல்லாமையின் மேல் நடந்தது. அந்தப் பூஞ்சையைப் பற்றிய அச்சம் இன்றும் தீரவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடிகளுக்கு இங்கே கடுமையான தடுப்பு விதிகள் இருப்பது அதனால்தான்.

சிறு குடும்பத்தின் வழித்தோன்றல்களுக்கு ஒரு பலவீனம் உண்டு: புதிய நோய் வந்தால் தாங்கும் வேறுபாடு அவற்றிடம் இராது. ஆகவே 1981-ல் அனைத்துலக ரப்பர் ஆய்வு வாரியம் பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ பகுதிகளுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் திரட்டிய விதைகளில் பாதி பிரேசிலில் தங்கியது, 37.5 விழுக்காடு மலேசியாவுக்கும் 12.5 விழுக்காடு ஐவரி கோஸ்டுக்கும் ஒதுக்கப்பட்டது. மலேசியப் பங்கு சிலாங்கூரின் சுங்கை பூலோவில் உள்ள ரப்பர் ஆய்வு நிலையத்துக்கு வந்தது. நூறாண்டுகளாகக் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட மாநிலத்தில், இன்னொரு கண்டத்தின் காட்டை நிரையாக நட்டு, எண்ணிட்டுக் காப்பாற்றும் வேலை தொடங்கியது. பயிரியலுக்குக் காடு என்பது பண்பட்ட பயிரின் சேமக் கிடங்கு. அழிக்கவும் வேண்டும், அழியாமல் ஓரிடத்தில் இருக்கவும் வேண்டும். பிற்காலத்தில் அந்த நிலையத்தின் பரந்த நிலம் நகர் வளர்ச்சிக்குப் போனது.

செம்பனையின் கதை கோல சிலாங்கூருக்கு இன்னும் நெருக்கம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தெனாமாரம். 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே நட்டார். அவர்தான் 1930-ல் ‘மலேசி’ நாவலுக்குக் கோன்கூர் பரிசு பெற்றவர். அவர் நட்ட விதைகள் சுமத்திராவின் டெலி வட்டாரத்திலிருந்து வந்தவை. டெலிப் பனைகளின் மூலம் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் 1848-ல் வைக்கப்பட்ட நான்கே கன்றுகள். நான்கு கன்றுகளிலிருந்து இவ்வளவு பெரிய ஒரு தொழில்! ரப்பரைப் போலவே செம்பனைக்கும் காட்டு உறவுகளைத் தேட வேண்டிய கட்டாயம் வந்தது. 1973-ல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்குப் போய் அங்குள்ள தோப்புகளிலிருந்து விதை திரட்டினார்கள்.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து தனியாக வந்தது என்பது இன்னும் முக்கியம். அதன் மகரந்தத்தைச் சுமக்கும் பூச்சி கூட வரவில்லை. செம்பனையைக் காற்று சூல்கொள்ள வைக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் இளம் பனைகளில் காய்ப்பிடிப்பு மோசமாக இருந்தது. தீர்வாக வந்தது கை மகரந்தச் சேர்க்கை. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துக் காயவைத்து, டால்க் மாவில் கலந்து, சிறு குழாயில் அடைத்து, பெண் பூ மலர்ந்திருக்கிறதா என்று பனை பனையாகப் பார்த்து ஊதிக்கொண்டு போக வேண்டும். சில நாளைக்கொருமுறை அதே நிரைக்குத் திரும்ப வேண்டும். முள் மட்டைகளுக்கு நடுவே கைவிட்டுச் செய்யும் வேலை அது. தோட்டத்துப் பெண்களும் அதைச் செய்தார்கள். எந்தப் பூ இன்று பருவம், எது நாளை, எது நேற்றே போய்விட்டது என்று நிறத்தையும் மணத்தையும் வைத்துச் சொல்லத் தெரிந்தவர்களே அதைச் செய்ய முடியும்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் பணியாற்றியபோது, அங்கே கை உதவி இல்லாமலேயே குலை நிறைந்து காய்ப்பதையும் பூக்களில் சிறு கூன்வண்டுகள் மொய்ப்பதையும் கவனித்திருந்தார். பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் கேமரூனுக்குப் போய், காற்றைவிட இந்த வண்டுகளே பெரிய வேலை செய்கின்றன என்று காட்டினார். வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்துத் தெளிந்தபின் 1981-ல் ஜொகூரின் குளுவாங் அருகே வண்டுகள் விடப்பட்டன. குறுகிய காலத்தில் தீபகற்பம் முழுவதும் பரவின. காய்ப்பிடிப்பு உயர்ந்தது, குலை கனத்தது, கை மகரந்தச் சேர்க்கை நின்றது. செம்பனையை இந்த நாட்டின் முதன்மைப் பயிராக நிலைநிறுத்தியதில் ஒரு காட்டு வண்டுக்கு உள்ள பங்கைப் பொருளியல் வரலாறுகள் போதுமான அளவு சொல்வதில்லை. வண்டு வருவதற்கு முன் அதன் வேலையைச் செய்த மனிதக் கைகளைப் பற்றி அவை அதைவிடக் குறைவாகவே சொல்கின்றன.

எலிக்கும் இதே போன்ற ஏற்பாடுதான். உதிர்ந்த செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. 1960-களுக்கு முன் தீபகற்பத்தில் அரிதாக இருந்த கூகை, செம்பனை பெருகி எலி பெருகியதும் தானும் பெருகியது. 1970-களிலிருந்து நிர்வாகங்கள் கம்பங்களில் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்தி அதை வரவேற்றன. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்குமேல் எலிகளைத் தின்னும் என்று ஆய்வுகள் மதிப்பிட்டன. கூகையின் அலறலைக் கெட்ட சகுனமாகக் கேட்டு வளர்ந்த மக்களின் லயங்களுக்குப் பக்கத்திலேயே அதற்கு வீடு கட்டித் தரப்பட்டது. இந்தக் கூகையைக் காட்டுப்பறவை என்பதா, தோட்டத்துப் பறவை என்பதா? தோட்டம் இல்லையென்றால் இங்கே அது இவ்வளவு இருந்திருக்காது.

மருத்துவத்துக்கு வருகிறேன். என் கருத்தில் இந்த வட்டாரத்தைப் பற்றி மிக ஆழமாகச் சிந்தித்த துறை இதுதான். அது நம் மக்களின் உடல்களின் மேல் நடந்த சிந்தனை என்பதால் வலியோடு படிக்க வேண்டியதும் இதுதான்.

1901-ல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் மலேரியாவோடு போராடினார். தாழ்வான கரையோர நிலத்தில் காட்டை வெட்டி வடிகால் தோண்டியதும் காய்ச்சல் விழுந்தது. அங்கே நோயைப் பரப்பிய ‘அனோஃபெலஸ் அம்ப்ரோசஸ்’ கொசுவுக்கு நிழல் படிந்த காட்டுக் குட்டைகள் வேண்டும். அதே வழியை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறியது. அங்கே ‘அனோஃபெலஸ் மாக்குலேட்டஸ்’. அது வெயில் விழும் தெளிந்த ஓடைகளில் பெருகும் கொசு. காட்டை வெட்டியது அதற்கு வழி திறந்துவிட்டது. 1911-ல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இந்த வேறுபாடுதான். நம் வட்டாரத்தின் வரைபடத்தில் இதை வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். காப்பார், ஜெரம், கோல சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களில் உயிரைக் காத்த அதே வெட்டுக்கத்தி, உலு சிலாங்கூர்க் குன்றுத் தோட்டங்களில் உயிரை வாங்கியது. காடு நோய், திருத்திய நிலம் நலம் என்ற காலனிய நம்பிக்கை ஒரு மாநிலத்து எல்லைக்குள்ளேயே உடைந்தது. அதைக் கற்பதற்கான விலையைக் கொடுத்தவர்கள் கப்பலிறங்கி வந்த தொழிலாளர்கள்.

அடுத்தது புதர்க் காய்ச்சல். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வில்லியம் பிளெட்சரும் சகாக்களும் மலாயாவில் இரண்டு வகை டைபஸ் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள்: கடைத்தெருக்களில் ஒன்று, வெளியே புல்லிலும் புதரிலும் வேலை செய்வோரிடம் இன்னொன்று. இரண்டாவதற்கு மிகுதியாக ஆளானவர்களில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். காரணம் பிறகு தெளிவாயிற்று. காட்டை வெட்டியதும் லாலான் புல் எழும். புல்லில் எலி பெருகும். எலியில் ஒட்டி வாழும் நுண்ணிய செவ்வுண்ணியின் குஞ்சு நோய்க்கிருமியைச் சுமக்கும். புல் வெட்டப் போகிறவரின் காலில் ஏறும். அடர்ந்த பழங்காட்டைவிட, வெட்டிவிட்டுப் பாதியில் விட்ட ஓரங்களில்தான் இந்த ஆபத்து செறிந்து கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இதை விரிவாக ஆராய்ந்த ஜே. ரால்ஃப் ஆடி, நோய் தீவு தீவாக, மனிதன் கலைத்துவிட்ட ஓர நிலங்களில் குடியிருக்கிறது என்று காட்டினார்; ‘ரெட் மைட்ஸ் அண்ட் டைபஸ்’ என்ற அவர் நூல் 1968-ல் வந்தது. மருந்தும் இங்கேதான் நிரூபிக்கப்பட்டது. 1948-ல் ஜோசப் ஸ்மாடெலின் அமெரிக்கக் குழு, கோலாலம்பூர்க் கழகத்தின் லூத்வெயிட், எஸ். ஆர். சவூர் ஆகியோருடன் சேர்ந்து குளோராம்பெனிக்காலைப் புதர்க் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துக் குணப்படுத்தியது. அதே முயற்சியின்போது டைபாய்டுக்கும் அது மருந்து என்று தெரியவந்தது. உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்த ஓர் அறிவு இந்த மண்ணில் விளைந்தது.

ஆடி சொன்ன ஓரம் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்கக்கூடாது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது அவை கொள்ளும் வடிவமே பாலை என்கிறது. கொடிய நிலம் என்று ஒன்று தொடக்கத்திலேயே இருப்பதில்லை, ஆக்கப்படுகிறது. பாலைக்கு அந்தக் காதை காணும் காரணம் கோடை வெயில். லாலான் காட்டுக்குக் காரணம் கோடரியும் கணக்குப் புத்தகமும். காரணங்கள் வேறு. ஆனால் நிலத்தின் தன்மையை ஒரு நிலையாகப் பார்க்கும் முறை ஒன்றே. நம் திணைக் கோட்பாட்டை இலக்கிய வகுப்பறையோடு நிறுத்திவிடாமல் சூழலியலோடும் நோய்ப்பரவலியலோடும் உரையாட வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மலேசியத் தமிழ் ஆய்வுக்கு இது சொந்தமாக இருக்கக்கூடிய ஒரு பணி.

மலேரியாவுக்கு இன்னோர் அத்தியாயமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் சிலாங்கூர்க் கரையோரத்தில் ஆராய்ந்த வார்ட்டனும் ஐல்ஸும், நீப்பா மட்டையின் இடுக்குகளில் தேங்கும் நீரில் பெருகும் ‘அனோஃபெலஸ் ஹாக்கெரி’ கொசு குரங்குகளின் ‘நோலெசி’ மலேரியாவைச் சுமக்கிறது என்று கண்டார்கள். 1965-ல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம் அது மனிதருக்கு இயற்கையாகத் தொற்றியது முதன்முறையாகப் பதிவாயிற்று. அபூர்வம் என்று ஒதுக்கப்பட்ட அது, 2004-ல் சரவாக்கின் காப்பிட்டில் பெருவாரியாக இருப்பது வெளிப்பட்டது. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவுவது நின்றுவிட்டது. ஆனால் குரங்கு மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. அவர்களில் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் உழைப்பவர்கள் மிகுதி.

சூழலியல் இந்த ஓரத்தை எதிர்த்திசையிலிருந்து காட்டியது. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் நடந்த நீண்டகால ஆய்வொன்று 2017-ல் வெளியானது. பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பழம் தின்று பெருகிய காட்டுப்பன்றிகள் காட்டுக்குத் திரும்பி, ஈனுவதற்குக் கூடு கட்ட இளமரங்களை ஒடிக்கின்றன. தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் காட்டின் அடுத்த தலைமுறை மெலிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தைக்கூடத் தோட்டம் தொடவில்லை.

வட சிலாங்கூரின் மிகப் பெரிய காடு ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகளாக நிற்கும் கரிச்சதுப்புக் காடு. சேர்த்து ஏறத்தாழ 73,000 ஹெக்டர். கறுத்த, புளித்த நீரில் மீன் அதிகம் வாழாது என்பது பழைய கருத்து. பீட்டர் இங்கும் சகாக்களும் 1990-களில் இங்கு ஆராய்ந்து அதை மாற்றினார்கள். ‘பெட்டா லிவிடா’ என்ற சண்டைமீன் 1992-ல் இந்தச் சதுப்பிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமானது. ஆனால் இது தீண்டப்படாத காடு இல்லை. 1990-ல் காப்புக்காடாக அறிவிக்கப்படும் முன் பல்லாண்டுகள் மரம் வெட்டப்பட்டது. மரங்களை இழுக்கக் கால்வாய்கள் வெட்டினார்கள். கால்வாய் நீரை வடித்தால் கரிமண் காயும். காய்ந்தால் தீப்பிடிக்கும், அமிழும். இப்போது அதே கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள், நாற்று நடுகிறார்கள். தஞ்சோங் காராங் நெல்வயல்களின் நீருக்கு இந்தச் சதுப்பு ஓர் ஆதாரம். வட்டாரத்தின் சோற்றுக்கும் இந்தக் காட்டுக்கும் உள்ள உறவு கால்வாயின் ஆழத்தில் அளக்கப்படுகிறது.

துறைகள் போடும் கோடு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடம் சட்டமும் அரசியலும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் காட்டுக் கணக்கில் ரப்பர்த் தோட்டம் காடாகச் சேரும், செம்பனை சேராது. பால்மரம் வெட்டப் போவதைக் காட்டுக்குப் போவதாகச் சொன்ன நம் பாட்டிகளின் பேச்சும், அகிலன் தம் மலேசிய நாவலுக்கு ‘பால்மரக் காட்டினிலே’ என்று வைத்த தலைப்பும் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பல்லாயிரம் ஏக்கரில் கணக்கின்படி காடு அழிந்தது. அதைக் காடழிப்பு என்று யாரும் பேசியதாகத் தெரியவில்லை. 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், காடு என்றால் எதிரியின் இடம். தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் ஒதுக்கப்பட்டன. 1948 டிசம்பர் 12-ல் பத்தாங் காலியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைக் கொன்றார்கள். காட்டுக்கு அருகில் குடியிருந்ததே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்த காலம்.

தீபகற்பத்தின் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களுக்கோ காடு வீடு. தென் சிலாங்கூரில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் பறிக்கப்பட்ட, அவர்களில் ஒரு பிரிவினரான தெமுவான் மக்களின் சகோங் தாசி வழக்கில் 2002-ல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்றது. பெரிய தீர்ப்பு அது. ஆனாலும் அந்த உரிமை அவர்கள் குடியிருந்து பயிரிட்ட நிலத்தோடு நின்றது. உணவும் மூங்கிலும் தேடி அலைந்த சுற்றுக்காட்டுக்கு நீளவில்லை. உழுத நிலம் உடைமை, உழாத நிலம் வெறுங்காடு என்ற பழைய அளவுகோல் நல்ல தீர்ப்புக்குள்ளும் தங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தும் ஒரு சதுர அடிக்கு உரிமையில்லாமல் வெளியேற்றப்பட்ட தமிழருக்கு இந்த அளவுகோலின் மறுபக்கம் தெரியும். அவர்கள் உழுதார்கள், அதுவும் உடைமையாகவில்லை. அவர்கள் விட்டுவந்த முனியாண்டியும் மதுரை வீரனும் காவல் காத்த எல்லை மரங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே வழக்குக்குரிய இடங்களாகிவிட்டன. ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014-ல் எழுதிய மானிடவியல் நூல் இந்த இழப்பைப் பொறுப்போடு ஆராய்கிறது.

இத்தனை துறைகளின் ஆவணங்களிலும் தோட்டத் தொழிலாளர் இருக்கிறார்கள்: நோயாளியாக, இறப்பு விகிதமாக, கூலிச் செலவாக. பார்த்தவராக, அறிந்தவராக மிக அரிதாகவே இருக்கிறார்கள். லாலான் எந்த மாதத்தில் எழும், எந்த ஓரத்தில் எலி அதிகம், எந்த ஓடைத் தண்ணீர் பட்டால் காய்ச்சல் வரும், பன்றி எந்தப் பக்கமாக இறங்கும் என்று வெளிக்காட்டு வேலைக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தமிழில் கேட்டு எழுதிவைத்த களப்பதிவுகள் மிகக் குறைவு. இப்போது தோட்ட வேலையில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். ஓரத்தின் ஆபத்தும் அறிவும் அவர்களிடம் போய்க்கொண்டிருக்கின்றன. அவர்களையும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நம் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது நான் முதலில் சொல்ல விரும்புவது கை மகரந்தச் சேர்க்கை. 1981-ல் இருபது வயதில் அந்த வேலையைச் செய்தவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா. அங்கும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் அவர்களைத் தேட வேண்டும். பெண் பூ பருவம் வந்ததை எப்படிக் கண்டீர்கள்? மழை நாளில் மகரந்தத்தை எப்படிக் காத்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை பனை? முள் குத்திய கைக்கு என்ன மருந்து போட்டீர்கள்? வண்டு வந்த ஆண்டில் உங்களை எந்த வேலைக்கு மாற்றினார்கள், கூலி கூடியதா குறைந்ததா? பூவில் மொய்த்த அந்தப் புதிய வண்டை முதன்முதலில் பார்த்தபோது அதற்கு நீங்கள் என்ன பேர் வைத்தீர்கள்?